களத்தில் பேசக்கூடாது

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடும் நாளை எங்கள் பள்ளியில் பிடிக்காத ஒரே ஆள் நான்தான். பிள்ளைகளுக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவாது. பாதிப் பேர் அரை மணி நேரத்தில் விடைத்தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, ஜீப் வருகிறதா என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாலு மணிக்குள் பெட்டி, பை, போர்வை மூட்டை எல்லாம் கிளம்பிவிடும். மலைமேல், புதூர்நாட்டுப் பக்கத்தில் இருக்கிற உண்டு உறைவிடப் பள்ளி அது. தட்டுக் கழுவும் சத்தம், வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம், குழாயடிச் சண்டை, அத்தனையும் ஒரே பிற்பகலில் நின்றுபோகும். அதற்குப் பிறகு எனக்குள் இருக்கிறவர்கள் பேச ஆரம்பிப்பார்கள்.

சுற்றி வளைப்பானேன். எனக்கு ஸ்கிசோஃப்ரினியா. தமிழில் மனச்சிதைவு என்கிறார்கள். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் கையில் கிடைத்தால் ஒரு பீரியடு முழுக்க வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பேன். சிதைந்த மனதை வைத்துக்கொண்டா பதினோரு வருடமாகப் பின்னமும் விகிதமும் நடத்துகிறேன்? எனக்குக் குரல் கேட்கும், அவ்வளவுதான். இந்த ‘அவ்வளவுதான்’ கொஞ்சம் வீம்பு என்று எனக்கே தெரியும்.

வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் ரேடியோவில் கிரிக்கெட் சொல்கிற மாதிரி என்னைச் சொல்லிக்கொண்டே இருப்பான். ‘எந்திரிக்கிறா. செருப்பத் தேடறா. இப்ப கதவத் தொறப்பா, பாரு.’ அவனுக்கு வர்ணனையாளர் என்று பெயர் வைத்திருக்கிறேன். இன்னொருத்தி முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடுவாள். கூப்பிடுவதோடு சரி, ஏன் எதற்கு என்று சொல்லமாட்டாள். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். மாத்திரை இவர்களைத் தூர நகர்த்தி வைக்கும். பிள்ளைகளின் இரைச்சல் இவர்கள் மேல் மூடி போடும். மாத்திரை திருப்பத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் மாதாமாதம் கிடைக்கிறது. காலாண்டும் கோடையும் பயிற்சி வகுப்பு என்று ஏதாவது கூட்டத்தில் ஓடிவிடும், இரைச்சலுக்கு அரையாண்டில்தான் இப்படிப் பத்து நாள் பஞ்சம் வந்துவிடும்.

‘ஊருக்குப் போகலாமே’ என்று கேட்பார்கள். செங்கத்தில் அண்ணன் வீடு இருக்கிறது. முந்தின வருடம் அங்கேதான் போனேன். மார்கழி மாதம், தெருமுனைக் கோயிலில் விடியும் முன்பே ஒலிபெருக்கி. வீட்டில் விருந்தாளிகள். அதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன். அந்த வீட்டில் நிஜமான கிசுகிசுப்பும் உண்டு, அதுதான் வினை. நான் கூடத்துக்குள் நுழைந்ததும் பேச்சு நிற்கும். சமையலறையில் யாரோ யாரிடமோ, ‘மாத்திர போட்டாளாமா?’ என்று கேட்பார்கள். அரிவாள்மணை இடம் மாறும். ஒருநாள் சாயங்காலம் சமையலறைக்குள்ளிருந்து அண்ணியின் குரல் தெளிவாகக் கேட்டது. “இது எப்பதான் இங்கருந்து கெளம்பும்?”

நான் உள்ளே போய், “இப்ப ஏதாவது சொன்னீங்களா அண்ணி?” என்று கேட்டேன். அண்ணி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “நான் ஒண்ணும் சொல்லலையே. ஒனக்கு மறுபடியும் கேக்குதா?” என்றாள்.

அதை நான் நம்பினேன். நம்பியதால் பயந்தேன். அண்ணியின் குரலிலேயே இனி கேட்க ஆரம்பித்துவிட்டது என்றால் எந்தக் குரலைத்தான் நம்புவது? தூக்கம் போயிற்று. நாலாம் நாள் தெருவில் நின்று மின்கம்பத்தோடு வழக்காடிக்கொண்டிருந்தேன் என்று பின்னால் சொன்னார்கள். மூன்று வாரம் ஆஸ்பத்திரி, இரண்டு மாதம் விடுப்பு. அண்ணி ஒருநாள் ரசம் சாதம் கொண்டுவந்து கட்டிலோரம் உட்கார்ந்து அழுதாள். “அன்னிக்கு நான் சொன்னது நெசந்தான். வாய் தவறி வந்துடுச்சி” என்றாள். அவள் அப்படிச் சொன்னதைப் பற்றி எனக்கு இன்றும் கோபமில்லை. பத்து நாள் விருந்தாளியை யார்தான் சொல்லமாட்டார்கள்? சொல்லவில்லை என்று சொன்னாளே, அதற்குத்தான் வயிறு எரிகிறது. என் காது அன்று சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

விடுப்பு முடிந்து பள்ளிக்கு வந்தபோது தலைமை ஆசிரியர் நல்ல மனிதராகவே பேசினார். இன்னொரு முறை இப்படி ஆனால் மெடிக்கல் போர்டுக்கு எழுதுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை என்றார். போர்டு என்ன சொல்லும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். எனக்குக் கரும்பலகை போய்விடும். கரும்பலகை போனால் பிள்ளைகளின் சத்தம் போய்விடும். சத்தம் போனால் என்ன மிச்சம் என்று யோசிக்கவே நான் விரும்பவில்லை. அடுத்த அரையாண்டு விடுமுறையை முழுசாகத் தாண்ட வேண்டும், அது ஒன்றுதான் என் முன்னால் இருந்தது.

இந்த இடத்தில் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் விடுதியின் சமையல்காரி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். பள்ளியிலிருந்து இரண்டு மலை தாண்டி அவள் ஊர். அவளைப்போல் கூசாமல் பொய் சொல்கிறவளை நான் பார்த்ததில்லை. தலைமை ஆசிரியரிடம் கேஸ் தீர்ந்துவிட்டது என்பாள். அடுப்பில் சிலிண்டர் பாதி இருக்கும். வீட்டுக்காரரிடம் போனில், “இன்னும் பாத்திரம் கழுவிக்கினு இருக்கேன்” என்பாள். என்னோடு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருப்பாள். எங்கள் டாக்டரம்மா என்னிடம், “குரல் வந்தா வரட்டும், நம்பிக்கையான ஒருத்தரக் கேட்டுச் சரிபார்த்துக்கோங்க” என்று சொல்லியிருந்தார். ஊரில் இவ்வளவு பேர் இருக்க, நான் போயும் போயும் இவளைப் பிடித்தேன்.

பிடித்தேன் என்றால் திட்டம் போட்டு அல்ல. விடுப்பு முடிந்து வந்த புதிது. சமையலறையில் அவளோடு அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள். “யாரக்கா கூப்பிட்டது?” என்று கேட்டுவிட்டேன்.

“யாரும் கூப்டலீங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுக் காயைக் கிள்ளினாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் அப்படியே. மூன்றாம் தடவை நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பூசாரியிடம் போகலாம், தாயத்துக் கட்டலாம் என்று ஆரம்பிப்பாள் என்று தயாராக இருந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அந்தாளு நெசம் பேசுவானா, பொய் பேசுவானா?”

“ரெண்டையும் கலந்து பேசுவான்.”

“எங்க வூட்டுக்காரரு மாதிரி” என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, “செரி, எப்ப சந்தேகமோ அப்ப என்னக் கேளுங்க. எனக்கும் கேட்டா கேட்டுச்சின்னு சொல்றேன். கேக்கலன்னா கேக்கலன்னு சொல்றேன். இதுல மட்டும் பொய் சொல்லமாட்டேன்” என்றாள்.

நான் பாதிதான் நம்பினேன். ஆனால் அந்த எட்டொன்பது மாதத்தில் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். குழம்பு கொதிக்கும்போது, பரிமாறும்போது, அவள் அரைத் தூக்கத்தில் இருக்கும்போது. ஒருதரமும் அலுத்துக்கொண்டதில்லை. நான் கேட்டால் கை வேலையை நிறுத்துவாள், தலையைச் சாய்த்து நிஜமாகவே காது கொடுத்துக் கேட்பாள், பிறகுதான் பதில் சொல்வாள். ஒருநாள் கழிப்பறைப் பின்பக்கம் யாரோ அழுகிற மாதிரி இருந்தது. கேட்டேன். தலையைச் சாய்த்தாள். “கேக்குதுங்க” என்றாள். போய்ப் பார்த்தால் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வீட்டு ஞாபகத்தில் அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. ஊரையே ஏமாற்றுகிற ஒருத்தி இந்த ஒரு விஷயத்தை மட்டும் இப்படிக் கோயில் விளக்குப்போல் காப்பாற்றுவாளா?

விடுமுறை நெருங்கியதும் அவளே கேட்டாள். “செங்கம் போறீங்களா?”

“இல்லக்கா. இங்கயே இருந்துக்கறேன்.”

“ஒண்டியாவா? இன்னாத்துக்கு? எங்க வூட்டுக்கு வாங்க. சாமை அறுத்துப் போட்டிருக்கு. வூட்டுக்காரரு காப்பித் தோட்டத்து வேலைக்குக் கர்நாடகா போய்ட்டாரு. கையாளு இல்ல. சும்மா ஒண்ணும் சோறு போடமாட்டேன், சொல்லிட்டேன்.”

போனேன். ஜீப்பில் ஒன்றின்மேல் ஒன்றாக அடைந்து, பிறகு நாற்பது நிமிடம் நடந்தோம். மார்கழிக் குளிர் காதுமடலைக் கடித்தது. அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக, “மாத்திர எங்க வச்சிருக்கீங்க?” என்றாள். எடுத்துக் காட்டினேன். உப்பு மிளகாய் இருக்கிற பலகையில் அதையும் வைத்தாள். அன்றிலிருந்து சாப்பிட்டு முடித்ததும், “ஆட்டக் கட்டியாச்சா?” என்று தன் வீட்டுக்காரரின் தம்பியிடம் கேட்கிற அதே குரலில், “மாத்திர துன்னீங்களா?” என்று என்னிடமும் கேட்பாள். செங்கத்தில் இதே கேள்விக்கு எனக்கு உடம்பெல்லாம் கூசும். இங்கே ஆட்டைக் கட்டியாயிற்று, மாத்திரையும் தின்றாயிற்று, அவ்வளவுதான்.

காலையில் கதவைத் திறந்தபோது மலைக்குக் கீழே ஒன்றுமே இல்லை. திருப்பத்தூர்ச் சமவெளி முழுவதும் பனிக்குள் போயிருந்தது. நாங்கள் மட்டும் வெளியே விடப்பட்டதுபோல் நின்றோம். நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. வர்ணனையாளர்கூடக் கொஞ்ச நேரம் வாயை மூடியிருந்தான்.

வேலை என்றால் வேலை. மாடு கட்டிச் சாமையை மிதிக்கவிட்டார்கள். வைக்கோலை உதறினோம். காற்று வந்தபோது முறத்தால் தூற்றினோம். சாமைத் தூசு கழுத்து வழியாக உள்ளே இறங்கினால் அரிப்பு தாங்காது. நான் முறத்தைத் தூக்கியதும் அவன் ஆரம்பித்தான். ‘தூத்தறா.’ சரி. ‘தூத்தறா.’ அப்புறம்? ‘தூத்தறா.’ அவனுக்கே அலுத்துப் போயிருக்க வேண்டும், மத்தியானத்துக்கு மேல் சுரத்தே இல்லை. முதல் நாள் அக்காவிடம் பதினான்கு தடவை கேட்டேன். நாலாம் நாள் ஐந்து தடவை.

களம் தயாரானது. சாமை தவிட்டு நிறத்தில் குவிந்து கிடந்தது. மறுநாள் அளக்கவேண்டும். களத்துக்குச் சாணி மெழுகும்போது அக்கா எனக்கு முறையைச் சொன்னாள். குவியலைச் சுற்றிச் சாம்பலால் கோடு போட்டுக் கற்பூரம் கொளுத்திவிட்டால், கடைசி மரக்கால் அளந்து முடிகிறவரை அளக்கிறவர் மட்டும்தான் வாய் திறக்கலாம். அவரும் எண்ணிக்கையைத் தவிர வேறு சொல் சொல்லக்கூடாது. முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பார். வேறு யார் ஒரு வார்த்தை பேசினாலும் பொலி போய்விடும், தானியம் குறைந்துவிடும். அளந்ததை எல்லாம் திரும்பக் கொட்டி, ஒரு ராத்திரி களத்திலேயே காவல் கிடந்து, மறுநாள் முதலிலிருந்து அளக்கவேண்டும். பேசினவர் வீட்டிலிருந்து ஒரு மரக்கால் சாமிக்குப் போகும்.

“போன வருசம் ஒருத்தன் செல்லு அடிச்சிட்சி. எடுத்து அலோன்னு வேற சொல்லிட்டான். இருவத்தஞ்சி வரவேண்டியது பத்தொம்போதுதான் வந்திச்சி” என்றாள். அந்த ஆறு மரக்கால் குறைந்ததால் அவள் வைகாசியில் ரேஷன் அரிசியை மட்டும் தின்றிருக்கிறாள். “இந்த வருசம் முப்பது வரும். வரணும்” என்றாள்.

அளக்கிறவர் அவளுடைய வீட்டுக்காரரின் அண்ணன். ஐம்பது வயதிருக்கும், அந்தக் களத்துக்கு அவர்தான் பெரியவர். மாடு, ஏர் எல்லாம் அவருடையது. என்னை நேராகப் பார்த்து அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், அவளிடம், “நாளிக்கு டீச்சர் வூட்லயே இருக்கட்டும்” என்றார். நான் அக்காவிடம் தினம் ஐந்தாறு தரம் எதையோ கேட்பதை அவரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்.

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. எனக்கென்று ஒரு குணம் உண்டு, முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால் முடிகிறவரை விடமாட்டேன். “நாப்பது பசங்கள ஒரு மணி நேரம் பேசாம உக்கார வைக்கிறவ நான். என் வாயி நான் சொன்னபடி கேக்கும்” என்றேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். “வரட்டுங்க மாமா. பேசமாட்டாங்க” என்றாள் அக்கா.

மறுநாள் காலை பனி கலைந்து வெயில் வந்ததும் களத்தில் கூடினோம். என்னைத் தவிர, சொந்தபந்தம் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு பேர். செல்போன்களை எல்லாம் ஒரு அண்டாவில் போட்டு வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். சாணிப் பிள்ளையாருக்கு அருகம்புல் வைத்துக் கற்பூரம் கொளுத்தினார் பெரியவர். சாம்பல் கோடு இழுத்தார். கிழக்கே பார்த்து உட்கார்ந்து மரக்காலை நிரப்பிக் கையால் வழித்தார். பெண்கள் எல்லோரும் முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தூசுக்கு ஆச்சு, வாய்க்கும் ஒரு பூட்டு ஆச்சு. ஆண்கள் துண்டைக் கட்டியிருந்தார்கள்.

“லாபம்” என்றார்.

அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஆள் இல்லாத அமைதி எனக்குப் பழக்கம், அதற்குப் பயந்துதான் இங்கே வந்தேன். இது பன்னிரண்டு பேர் சேர்ந்து செய்கிற அமைதி. மூச்சைக்கூட அளந்து விட்டார்கள். சாமை மரக்காலிலிருந்து தார்ப்பாயில் விழுகிற சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, இவர்கள் ஒரு தானியத்துக்கு இவ்வளவு மரியாதை தருகிறார்களே என்று.

ரெண்டு. மூணு. வர்ணனையாளர் எழுந்துகொண்டான். ‘வேடிக்க பாக்கறா. பேசப் போறா.’ பேசமாட்டேன்டா. நாலு. அஞ்சு. அவனும் எண்ண ஆரம்பித்தான், பெரியவருக்கு முன்னால் ஓடி ஓடி. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஏழு என்று பெரியவர் சொன்னபோது, என் இடதுபக்கத்திலிருந்து, மிக அருகிலிருந்து, அக்காவின் குரல் கேட்டது.

‘டீச்சர், போய்டுங்க. ஒங்களாலதான் கொறையுது.’

அதுவரை அந்த இருவரைத் தவிர யாரும் வந்ததில்லை. அக்காவின் குரல் அச்சு அசலாக அப்படியே இருந்தது, அந்த இழுவை, அந்தக் கரகரப்பு எல்லாம். நான் திரும்பி அவளைப் பார்த்தேன். கண் மட்டும் தெரிந்தது. வாய் முந்தானைக்குள் இருந்தது. அசைந்ததா, அசையவில்லையா? ‘போய்டுங்க டீச்சர். எங்க சோத்துல மண்ணு விழுது.’ எட்டு என்றார் பெரியவர். சுற்றிப் பார்த்தேன். பன்னிரண்டு முகத்திலும் வாய் இல்லை. எல்லாத் துணிக்குப் பின்னாலிருந்தும் ஒரு முனகல் வருகிற மாதிரி இருந்தது.

கேட்டுச்சா அக்கா என்று கேட்கவேண்டும். அந்த இரண்டு வார்த்தையை வைத்துத்தான் அந்த வருடம் முழுக்க நான் உயிர் வாழ்ந்திருக்கிறேன். கேட்டால் அவளுடைய சாமை போய்விடும். நான் பேசமாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்திருக்கிறாள். கண்ணாலேயே கேட்டேன். அவள் புரிந்துகொண்டு இல்லை என்று தலையை ஆட்டினாள். உடனே அவள் குரலே சொன்னது, ‘இருக்காதீங்கன்னு தலையாட்டறேன் பாருங்க.’

அவ்வளவுதான், என் கால் எழுந்துவிட்டது. களத்துக்குப் பின்னால் சரிவு. எங்கே போகிறேன் என்று தெரியாது, போய்விடவேண்டும். செங்கத்துத் தெரு எனக்குக் கண்ணில் தெரிந்தது. இனிமேல் இவளையும் நம்பமுடியாது, இனிமேல் யாரும் இல்லை என்பதுதான் அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம்.

“ஒம்போது” என்றார் பெரியவர்.

அக்கா முந்தானையை வாயிலிருந்து இறக்கினாள். அவசரமே இல்லாமல், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இறக்கினாள். தலையைச் சாய்த்து, சமையலறையில் செய்வதுபோலவே ஒரு கணம் காது கொடுத்துக் கேட்டாள்.

“எனக்கு ஒண்ணியும் கேக்கலீங்க டீச்சர்” என்றாள்.

உதடு அசைந்தது, குரல் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தன. என் கால் அங்கேயே நின்றுவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

பெரியவரின் கையில் மரக்கால் பாதி நிரம்பி இருந்தது. அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் எழுந்து தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தார், வேறு இரண்டு பேர் மறுமுனையைப் பிடித்தார்கள். அளந்த ஒன்பது மரக்காலும் குவியலுக்கே திரும்பிப் போயிற்று. “நாளிக்கு” என்று சொல்லிவிட்டு அவர் மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் அழுத அழுகை சொல்லிமாளாது. “ஒங்க சாமை போச்சேக்கா, என்னால போச்சே” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

“நீங்க எங்க பேசுனீங்க? நான்ல பேசுனேன்” என்றாள் அக்கா. “நீங்க ஒங்க சொல்லக் காப்பாத்திட்டீங்க. எனக்கும் ஒரு சொல்லு இருக்குல்ல?” பிறகு என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். “அந்தாண்ட போய் அழுவுங்க. சாமைல தண்ணி பட்டா மொளச்சிக்கும்.”

அன்று இரவு அவளும் வீட்டுக்காரரின் தம்பியும் களத்தில் காவல் கிடந்தார்கள், அந்தக் குளிரில். நான் மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டுக்குள் படுத்தேன். ஒரு வருடச் சோற்றையும் என் ஒரு நிமிட நிம்மதியையும் வைத்துப் பார்த்து, இதுதான் கனம் என்று அவள் எப்படி அவ்வளவு சீக்கிரம் முடிவு செய்தாள்? எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. என்னைக் கேட்டிருந்தால் நான் அப்படிச் சொல்லியிருக்கமாட்டேன்.

காலையில் நான் வரவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன். எல்லோரும் களத்துக்குப் போனபிறகு பெரியவர் திரும்பி வந்து வாசலில் நின்றார்.

“டீச்சர் வர்லியா?”

“வேணாங்க. நான் இங்கயே இருக்கேன்.”

“நேத்து இருந்த ஆளுங்க எல்லாம் இன்னிக்கும் இருக்கணும். ஒருத்தர் கொறஞ்சாலும் அளக்கக் கூடாது. அது மொறை” என்றார். சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

முறை என்றால் என்ன செய்வது? பின்னாலேயே போனேன். களத்தோரம் அக்காவிடம், “அப்டி ஒரு மொறை இருக்காக்கா?” என்று ரகசியமாகக் கேட்டேன். கற்பூரம் இன்னும் கொளுத்தவில்லை, பேசலாம். அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். என்னிடம் அவளால் எதை மறைக்கமுடியும்?

“எனக்குத் தெரிஞ்சி இல்லீங்க” என்றாள்.

கற்பூரம் கொளுத்தினார்கள். சாம்பல் கோடு சுற்றி வந்தது. நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன். ஒருத்தர் வாயிலும் துணி இல்லை. பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார்கள். ஆண்களின் துண்டு தோளில் கிடந்தது. பெரியவரும் வெறும் முகத்தோடு எனக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்திருந்தார், கிழக்கே பார்த்து அல்ல. யார் சொல்லி இப்படிச் செய்தார்கள், எப்போது பேசிக்கொண்டார்கள், எனக்குத் தெரியாது.

“லாபம்” என்றார்.

காற்று அன்று அதிகம். தூசு எழுந்து முகத்தில் அடித்தது. அவர்களுடைய உதட்டில், மீசையில், மூக்கில் சாமைத் தூசு படிந்தது. ஒரு பெண்ணுக்கு இருமல் வந்தது. வாயை மூடிக்கொண்டே தோள் குலுங்க அடக்கினாள், கண்ணில் நீர் வழிந்தது, துணியை எடுக்கவில்லை. வர்ணனையாளர் பேசினான். அக்காவின் குரலில் வருகிறவளும் வந்தாள், ‘போய்டுங்க’ என்றாள். நான் ஒவ்வொரு வாயாகப் பார்த்தேன். அக்காவின் வாய் மூடியிருந்தது. அடுத்த வாய் மூடியிருந்தது. அதற்கடுத்ததும். பன்னிரண்டு வாயும் எனக்காகத் திறந்து வைத்த முகங்களில் மூடியிருந்தன. ஒரு சுற்றுப் பார்த்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். கடவுளை நேரில் பார்த்தவர்கள் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியாமல் விழிப்பார்களாம். நான் அன்று பார்த்ததற்கும் எனக்கு வார்த்தை இல்லை.

கடைசி மரக்கால் இருபத்தெட்டில் முடிந்தது. சாமிக்கு ஒன்று போனால் இருபத்தேழு. முப்பது வரும் என்று அக்கா சொல்லியிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அளந்து முடித்ததும் அளக்கிறவர்தான் முதலில் பேசவேண்டும். பொலி பொலி என்று சொல்லிச் சாக்குக் கேட்பது வழக்கம். பெரியவர் மரக்காலைக் கவிழ்த்து வைத்தார். உதட்டுத் தூசைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். என்னை நேராகப் பார்த்தார்.

“எனக்கும் ஒண்ணியும் கேக்கலீங்க டீச்சர்” என்றார்.

அதற்குப் பிறகுதான் சாக்கைக் கொண்டுவரச் சொன்னார்.